சும்மா கண்ணை மூடியிருத்தல்: ஓர் ஆய்வு

இரவுச் சாப்பாட்டுக்குப் பின் டி.வி. முன்னால் சாய்வு நாற்காலி. தலை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது, வாய் லேசாகத் திறந்திருக்கிறது, ரிமோட் மட்டும் நெஞ்சின் மேல் பத்திரமாக இருக்கிறது. "என்னங்க, தூங்குறீங்களா?" என்று கேட்டால், "இல்லியே, சும்மா கண்ணை மூடிக்கிட்டிருக்கேன்" என்று பதில் வரும். இது பச்சைப் பொய் என்று தமிழ்க் குடும்பங்கள் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருக்கின்றன. சாட்சிகளை விசாரிக்காமல் எழுதிய தீர்ப்பு அது. விழித்தபடி கண்ணை மூடினால் மூளையில் நொடிக்கு 8 முதல் 13 வரை துடிக்கும் ஆல்ஃபா அலைகள் எழுகின்றன. அவை தேய்ந்து மெதுவான அலைகள் தலையெடுத்ததும் அவற்றைப் பதியும் கருவி 'தூக்கம், முதல் நிலை' என்று குறித்துக்கொள்கிறது. இமைக்குள் விழிகள் ஊஞ்சல்போல் மெல்ல உருள்கின்றன. சில நிமிடமே நீடிக்கும் இந்நிலையில் எழுப்பப்படுபவர்களில் பலர், தாங்கள் தூங்கவே இல்லை என்று ஆய்வுக்கூடத்திலும் சாதிக்கிறார்கள். அதாவது, நாற்காலிக்காரர் சொல்வது அவர் அறிந்த உண்மை. தூக்கத்தின் எல்லையைக் கருவிதான் முடிவுசெய்ய வேண்டுமா என்றும் கேட்கலாம். 1968 முதல் ஆழ்ந்த தூக்கத்தை மூன்று, நான்கு என இரு நிலைகளாக எண்ணிவந்த நிபுணர்கள், 2007-இல் இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். அவர்களே ஒரு வேலியைப் பிடுங்கலாம் என்றால், இவர் ஒரு வேலி குறித்துத் தகராறு செய்யக் கூடாதா? அரங்கநாதர் படுத்திருப்பதை அறிதுயில் என்று ஒப்புக்கொண்ட ஊர், வீட்டுக்காரருக்கு அந்தச் சலுகையைத் தர மறுப்பது வியப்பே. ('தூங்கு' என்பதற்குத் 'தொங்கு' என்ற பழைய பொருள் உண்டு, தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்தாலே தெரியும். தொங்கும் தலை நம் கட்சிக்குப் பாதகமாவதால் மேலே செல்வோம்.)

குறட்டை விட்டாரே என்பார்கள். தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை குறுகினால் உள்நாக்கு அதிரும். ஊரே கேட்கும் அந்த ஓசை உரியவருக்கு மட்டும் எட்டாது. ஆகவே அவர் மறுப்பது இயல்பு. ரிமோட்டை உருவிச் சேனலை மாற்றியதும் "பாத்துக்கிட்டிருக்கேன்ல, ஏன் மாத்துற?" என்று சீறுவதுதான் வலுவான ஆட்சேபம். அப்படியானால் கதையில் என்ன நடந்தது என்று கேட்டால், போன வாரக் கதையைச் சொல்கிறாரே! தூக்கம் பிடிப்பதற்குச் சற்று முந்தைய நிமிடங்கள்கூட நினைவில் பதிவதில்லை; தவறவிட்டது என்னவென்று தெரியாதவருக்குத் தவறவிட்டதே தெரியாது. காது மட்டும் காவலில் இருக்கிறது. தூங்குபவரின் மூளை பிறர் பெயர்களைவிடத் தன் பெயருக்கே அதிகம் எதிர்வினை காட்டுவதை 1960-இல் தூக்க ஆய்வாளர் இயன் ஆஸ்வால்டும் உடனாய்வாளர்களும் பதிவுசெய்தார்கள். அந்தப் பட்டியலில் ரிமோட்டையும் சேர்க்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் பணிவான முன்மொழிவு.

ஆனால் இந்த வாதத்துக்கு ஆயுள் குறைவு. ஒரு தூக்கச் சுற்று ஏறத்தாழ 90 நிமிடம். அதில் முதல் அரைமணி, முக்கால் மணிக்குள் அவர் ஆழ்ந்த நிலைக்கு இறங்கிவிடுவார். அங்கிருந்து உலுக்கி எழுப்பினால் தெளிய நேரமாகும். இரவு பத்தரைக்கு எழுந்து உட்கார்ந்து "பால்காரன் வந்தாச்சா?" என்று கேட்பவருக்காக வாதாட இக்கட்டுரையால் இயலாது, வக்காலத்தைத் திரும்பப் பெறுகிறோம்.