சோதனையில் தேறிய பொதி

டெபியன் விநியோகத்திற்காக ஒரு நிரல் நூலகத்தைப் பொதியாகக் கட்ட முனையும் புண்ணியவான், அதன் ஆசிரியர் சிரத்தையுடன் எழுதிச் சேர்த்த சோதனைகளையும் ஓட்டிப் பார்ப்பதே தர்மம் என்றெண்ணி உட்கார்ந்தால், இணைய வாசனையே படலாகாது என்ற ஆசாரத்தோடு நடக்கும் கட்டுமானக் கணினியில், எங்கோ இருக்கும் சர்வரைக் கூப்பிட்டு நலம் விசாரிக்காமல் முதல் சோதனையே நகர மறுக்கிறது. பத்தாண்டு செல்லுமென்று உள்ளே வைத்த சான்றிதழ் நேற்று நள்ளிரவில் காலாவதியாகி, நிரலில் ஓரெழுத்தும் மாறாமலே அடுத்ததும் விழுகிறது. ஐ.பி.எம். பெருங்கணினியோ, எண்ணின் பெரிய பைட்டை முன்னே வைத்தெழுதும் தன் குலவழக்கப்படி, மற்ற யந்திரங்களில் தேறியதையும் தோற்கடிக்கிறது. (பிழையென்று சொல்லத்தக்கது உண்மையில் இந்த ஒன்றுதான், ஆனால் அந்த யந்திரம் யார் வீட்டில் இருக்கிறது என்று ஆசிரியர் கேட்டுவிடுவார்.)

இரவு இரண்டு மணிக்கு நம் புண்ணியவான் விதிக்கோப்பைத் திறந்து, சோதனைப் படியின் பெயரை எழுதி, முக்காற்புள்ளி இட்டு, அதன்கீழ் ஒன்றுமே எழுதாமல் மூடுகிறான். பொதி நான்கே நிமிஷத்தில் சுபமாகக் கட்டி முடிகிறது. மாற்றக் குறிப்பில் ‘தற்காலிகமாக’ என்ற பதத்தைச் சேர்க்க அவன் மறக்கவில்லை. அந்தப் பதத்துக்கு இப்போது ஏழு வயதாகிறது.