ஏழு கிலோ குடும்பம்

மலிவு விமானத்தில் டிக்கெட் போட்டவனுக்கு வேதம், மந்திரம், ஜாதகம் எல்லாமே ஒரே எண்தான்: 7. கையில் தூக்கும் பை, தோளில் மாட்டும் பை, இரண்டும் சேர்ந்து ஆளுக்கு 7 கிலோ. பெட்டியின் உயரம் 56 சென்டிமீட்டர், அகலம் 36, பருமன் 23. அதற்கு மேல் ஒரு கர்ச்சீப் கூடினாலும் காசு.

கோலாலம்பூருக்கு நான் டிக்கெட் எடுத்தது சலுகை விலையில். விலையைப் பார்த்ததும், யாரோ தூக்கக் கலக்கத்தில் ஒரு சைபரை விட்டுவிட்டார்கள், அவர்கள் விழித்துக்கொள்வதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று அவசர அவசரமாகப் பெயர்களைத் தட்டினேன். அப்புறம்தான் அந்த இணையதளம் வாயைத் திறந்தது. பெட்டி அனுப்பணுமா? ஜன்னலோரம் வேணுமா? குடும்பமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரணுமா? சூடாகச் சாப்பாடு? கல்யாணப் பந்தியில் இலையின் மேல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு "போதும், போதும்" என்று குனிகிற சர்க்கரை நோயாளியைப் போல ஒவ்வொன்றாக மறுத்துக்கொண்டே வந்தேன். மிச்சம் பிடித்த தொகையைக் கூட்டி எழுதி மனைவியிடம் காட்டினேன். அவள் தொகையைப் பார்க்கவில்லை. "போற இடத்துல என்னத்தக் கட்டிக்கிறது?" என்று மட்டும் கேட்டாள்.

நாங்கள் நாலு பேர். நான், மனைவி, பிளஸ் ஒன் முடித்த மகன், பத்துமலை முருகனைப் பார்க்காமல் கண்ணை மூட மாட்டேன் என்று சொல்லிவிட்ட அம்மா. நாலேழு இருபத்தெட்டு. ஒரு பையில் 5 கிலோ, இன்னொரு பையில் 9 கிலோ இருந்தால் என்ன, மொத்தத்தில் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றுதான் நம் கூட்டுக்குடும்பப் புத்தி சொல்லும். விமானக் கம்பெனியிடம் அது செல்லாது. பாகப்பிரிவினை முடித்துக்கொண்டு வந்தால்தான் பேசவே ஆரம்பிப்பார்கள்.

ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தைக் கூட்டி, குறைந்த சுமையோடு பயணம் செய்யும் கலை பற்றிப் பேசினேன். துணிகளை மடிக்கக் கூடாது, பாய் மாதிரி சுருட்ட வேண்டும் என்று என் பனியனைச் சுருட்டியே காட்டினேன்.

"சுருட்டினா இடம் குறையும், சரி. கனம் எப்படிங்க குறையும்?" என்றாள் மனைவி.

ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்று படித்துக்கொண்டிருந்த பையன் அதை ஆமோதித்துத் தலையாட்டினான். இந்த வீட்டில் எனக்கு எதிராகத்தான் இயற்பியல் வேலை செய்யும்.

அடுத்த அதிர்ச்சி பெட்டி. இதற்கென்றே வாங்கிய சக்கரப் பெட்டியை வெறுமனே எடை போட்டுப் பார்த்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் வந்தது. ஏழில் இரண்டரை போய்விட்டால் மிச்சத்தில் குடும்பம் நடத்த வேண்டும். அதே சமயம், பீரோவுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கும் ஜவுளிக்கடைக் கட்டைப்பையின் எடை கால் கிலோகூட இல்லை. தமிழ்நாடு கண்ட பயணக் கருவிகளில் கட்டைப்பைக்கு ஈடு எதுவும் கிடையாது என்பது என் கட்சி. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், எல்லாவற்றுக்கும் போய்வந்த பை வெளிநாட்டுக்கு மட்டும் ஏன் போகக் கூடாது? "நீங்க எடுத்துட்டு வாங்கப்பா. ஆனா ஏர்போர்ட்ல என் பக்கத்துல நிக்காதீங்க" என்றான் பையன். அவனுக்கு முதுகுப்பை; எனக்கும் மனைவிக்கும் கட்டைப்பை; பெட்டி அம்மாவுக்கு, உருட்டினால் போதுமே என்று. பையன் பெட்டியை ஏக்கமாகப் பார்த்தான்.

அம்மாவின் பட்டியல் கொப்பரைத் தேங்காயில் தொடங்கியது. கொப்பரை கூடாதும்மா, எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும், விமான விதிகளில் அது அபாயப் பொருள் என்று எடுத்துச் சொன்னேன். இது உண்மை. "நாப்பது வருஷமா அடுக்களைல வச்சிருக்கேன். ஒரு நாளாவது வெடிச்சுதா?" என்றாள். மனைவி ஆத்தூர்க்காரி. ஊரிலிருந்து வந்த கிச்சிலிச் சம்பாவில் இரண்டு கிலோவும் சின்ன மின்சாரக் குக்கர் ஒன்றும் இல்லாமல் எல்லை தாண்டுவது அவள் மனசுக்கு ஒப்பவில்லை. அந்த ஊர்ச் சோறு எப்படி இருக்குமோ? குக்கரை நான் வெளியே எடுத்து வைத்தேன். அது உள்ளே போனது. மறுபடி எடுத்தேன். எடையைக் காட்டித்தான் கடைசியில் ஜெயித்தேன். அந்த வெற்றியை அவள் மறக்கவில்லை என்பது பிறகு தெரிந்தது.

எடை என்றதும் பழைய பேப்பர்க்காரரைச் சொல்ல வேண்டும். இணையத்தில் விற்கிற டிஜிட்டல் தராசுக்குச் செலவழிக்க மனம் வராமல், தெருவில் போனவரைக் கூப்பிட்டு, அவருடைய தொங்கு தராசில் நாலு பையையும் மாட்டிப் பார்த்தேன். ஆறரை, ஆறே கால், ஆறரை, ஆறு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தத் தராசு எடைக்கு வாங்குவதற்கென்றே வளர்க்கப்பட்டது, எங்கள் வீட்டுச் செய்தித்தாளை வருஷக்கணக்காக அது எப்படிப் பார்த்ததோ அப்படியேதான் எங்கள் மூட்டையையும் பார்த்தது என்பது விமான நிலையத்தில் முதல் பை மேடையேறியபோது விளங்கியது. எட்டு கிலோவுக்கு மேல்.

கவுன்டரில் கட்டுகிற கூடுதல் கட்டணம், முன்பே இணையத்தில் கட்டியிருந்தால் ஆகியிருப்பதைவிட எப்போதும் அதிகம். எனவே எங்கள் குடும்பம் சென்னை விமான நிலையத்தின் பளிங்குத் தரையில் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தது. பெட்டியில் எடை இருந்தால்தானே குற்றம். உடம்பில் இருந்தால் யார் கேட்பது? சமோவாத் தீவுகளில் ஒரு சின்ன விமானக் கம்பெனி பயணியின் எடைக்கே கட்டணம் வாங்குவதாக 2013இல் உலகமெல்லாம் பேச்சு. நல்லவேளையாக அந்தப் பழக்கம் இந்தப் பக்கம் பரவவில்லை. பரவியிருந்தால் எங்கள் வீட்டிலிருந்து முதலில் இறக்கிவிடப்படும் சாமான் நான்தான்.

மூன்று சட்டை, அதற்கு மேல் ஒரு ஜெர்கின். அதன் பைகளில் சார்ஜர், மாத்திரை, அம்மாவின் கஷாயப் பொடி, பையனின் ஒரு ஜோடிச் செருப்பு. கத்திரி வெயில் காலம். "எங்க சார், ரஷ்யாவா?" என்று கேட்டார் பாதுகாப்பு வீரர். மலேசியா என்றேன். பூமத்திய ரேகைக்கு மூன்று டிகிரி வடக்கே இருக்கிற ஊருக்கு ஜெர்கினோடு போகிறவனை அவர் இரண்டு தடவை தடவிப் பார்த்ததில் நியாயம் உண்டு.

2006 ஆகஸ்டில் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிகளால் தகர்க்க ஒரு சதி நடந்தது. அதற்குப் பிறகு வந்ததுதான், திரவமோ குழைவோ எதுவும் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி. 200 மில்லி பாட்டிலில் பாதிதான் இருக்கிறது என்று வாதாடவும் முடியாது. பாட்டிலின் கொள்ளளவுதான் கணக்கு. லண்டனில் யாரோ போட்ட திட்டம் எங்கள் குரோம்பேட்டை வீட்டுப் புளிக்காய்ச்சலின் தலையில் வந்து விடிந்ததே என்று நான் முன்கூட்டியே வருத்தப்பட்டு, மனைவியை எச்சரித்தும் இருந்தேன். அவள் பதில் பேசவில்லை. புளிக்காய்ச்சலைச் சோற்றில் கிளறிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கலந்துவிட்டால் அது திடப்பொருள்! பொட்டலம் கௌரவமாக மறுபக்கம் போய்ச் சேர்ந்தது. தொட்டியில் விழுந்தவை என்னுடைய ஷேவிங் கிரீமும், யாருக்கும் தெரியாமல் அடியில் ஒளித்து வைத்திருந்த ஹேர் டையும். "இது யாரோடது சார்?" என்று வீரர் அதை உயர்த்திப் பிடித்துக் கேட்டபோது எங்களுக்குப் பின்னால் நல்ல வரிசை. அம்மாவின் திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து "என்ன பவுடர்?" என்றவருக்கு, "இட்டுக்கோப்பா, நல்லா இருப்பே" என்று பதில் வந்தது. அவர் இட்டுக்கொண்டார்.

சீட்டுக்குக் காசு கட்டாததால் விமானத்தில் நாலு பேரும் நாலு திசை. இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. அம்மா இறங்கும்போது பக்கத்து சீட்டுக்காரரின் மகளுக்கு எங்கே வரன் பார்க்கிறார்கள் என்பதுவரை தெரிந்துகொண்டிருந்தாள்.

விசா விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள்வரை விசா வேண்டாம். வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் ஒரு வருகை அட்டை நிரப்ப வேண்டும். அரசுத் தளத்தில் அது இலவசம். அதற்கும் காசு கேட்டுக்கொண்டு சில தளங்கள் உட்கார்ந்திருக்கின்றன. இலவசமானதைத் தேடிக் கண்டுபிடிக்கும் திறமையில் மட்டும் என்னை யாரும் ஏமாற்றிவிட முடியாது.

இரவு விமானம் என்றால் ஓட்டலில் ஒரு ராத்திரி வாடகை மிச்சம். இது என் கண்டுபிடிப்பு. விடியற்காலையில் இறங்கிய பிறகு, பகல் மூன்று மணிக்குத்தான் அறை தருவார்கள் என்பது ஓட்டல்காரர்களின் கண்டுபிடிப்பு. விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு விரைவு ரயில் அரை மணி நேரத்தில் போகிறது. ஆளுக்கு 55 ரிங்கிட். ரிங்கிட் ஒன்று இருபது ரூபாய்க்கு மேல். பஸ் ஒரு மணி நேரம், 15 ரிங்கிட் அளவில். அறைதான் மூன்று மணிக்கு என்று ஆன பிறகு அரை மணியில் போய் என்ன சாதிக்கப்போகிறோம் என்று பஸ்ஸில் ஏற்றினேன். சேமிப்பிலிருந்து சேமிப்பு குட்டி போடுவது இப்படித்தான். மத்தியானம்வரை கே.எல். சென்ட்ரலில் மூன்று சட்டையோடு உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் புளியோதரைப் பொட்டலமும் திறக்கப்பட்டது. நான் இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஸ்டேஷனை ஒட்டியே பிரிக்ஃபீல்ட்ஸ். பலகையில் தமிழ், பேச்சில் தமிழ், பூக்கடையில் கதம்பம், வாழையிலைச் சாப்பாட்டில் வேண்டும் வேண்டும் என்கிறவரை சோறு. மாமாக் கடை என்கிற தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவும் தே தாரிக் என்கிற ஆற்றிய டீயும் சாப்பிட்டுவிட்டுச் சில ரிங்கிட் செலவோடு எழுந்து வரலாம். மனைவி ஒரு வாய்ச் சோற்றைப் பிசைந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊர் அரிசி மாதிரி இல்ல" என்றாள். குக்கர் வழக்கில் மேல்முறையீடு நிலுவையில் இருப்பது புரிந்தது.

ஓட்டலில் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி, வெளிநாட்டவருக்கு மட்டும். அம்மா இதை ஏற்கவில்லை. "தெரு பூரா தமிழ்ல எழுதி வச்சிருக்கான். நம்மள எப்படிடா வெளிநாட்டுக்காரங்கன்னு சொல்றான்?" வாசலிலேயே ஓட்டல்காரனைக் கேட்டுவிடுவதாக இருந்தாள். கட்டினேன். கார்டு தேய்க்கும் இடத்தில் அந்த இயந்திரம் "ரூபாயா, ரிங்கிட்டா?" என்று பணிவோடு கேட்கும். ரிங்கிட் என்றே சொல்ல வேண்டும். ரூபாய் என்றால் அவர்கள் வைத்த விகிதம்; தேசபக்தியைக் காட்ட அது இடமில்லை.

துணி விஷயத்தில் என் திட்டம் சுத்தமானது: உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று. ஆனால் அந்த ஊர்க் காற்றிலேயே பாதி தண்ணீர். சாயங்காலமானால் மழை. வேட்டி மட்டும் நம்பியவனைக் கைவிடவில்லை. துண்டாக, போர்வையாக, ஜன்னல் திரையாக இருந்துவிட்டு விடிவதற்குள் காய்ந்தும் விடும். பையனின் ஜீன்ஸ் கடைசிவரை ஈரம். முக்குக்கு முக்கு இருக்கும் டோபிக் கடையில் காசு போட்டால் இயந்திரமே துவைத்து உலர்த்தித் தருகிறது. அதற்கும் கணக்குப் பார்த்து, காய்ந்த நீலக் கட்டம் போட்ட சட்டையையே திரும்பத் திரும்ப மாட்டிக்கொண்டேன். இரட்டைக் கோபுரம், தேசிய மசூதி, சந்தை, எல்லாப் படத்திலும் அதே நீலக் கட்டம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படங்களைப் பார்த்த சித்தப்பா கேட்டார்: "ஒரே நாள்ல எல்லாத்தையும் பார்த்து முடிச்சிட்டீங்களா?"

பத்துமலைக்குக் கே.எல். சென்ட்ரலிலிருந்தே ரயில், டிக்கெட் சில ரிங்கிட்தான். குகைக்கு 272 படிகள். பழனி ஏறிப் பழகிய அம்மா முன்னால் போய்க்கொண்டே இருந்தாள். நான் நடுவில் நின்று காட்சியை ரசிப்பதாகச் சொல்லிக்கொண்டேன். குரங்குகள் பையை எடை போட்டுப் பார்ப்பதில்லை; நேராகப் பிடுங்கிக்கொள்கின்றன. முன்கூட்டிச் சொல்லாமல் வசூலிப்பதில் அவை டிக்கெட் இணையதளங்களுக்குப் பங்காளி முறை.

தரிசனம் முடிந்து இறங்கி வந்து, தங்க நிறத்தில் நின்ற முருகனை அம்மா கழுத்தை நிமிர்த்திக் கண்குளிரப் பார்த்தாள். "எவ்வளவு உயரம்டா?"

"140 அடிம்மா. 2006ல வச்சது."

"எங்க ஏத்தாப்பூர் முத்துமலை முருகன் 146 அடி, அத்தை" என்றாள் மனைவி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே.

"ஏத்தாப்பூரா? அது எங்க இருக்கு?"

"ஆத்தூர் பக்கத்துலதான். 2022ல கும்பாபிஷேகத்துக்கு எங்கப்பா வந்து கூப்பிட்டாரே. இவருதான் லீவு இல்லன்னுட்டாரு."

அம்மா முருகனை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். நான் புறாக்களைப் பார்த்தேன்.

"பஸ்ல போனா எவ்வளவு ஆகும்மா?"

"என்ன ஆகப்போவுது? கிளாம்பாக்கத்துல ராத்திரி ஏறினா விடியறதுக்குள்ள ஆத்தூர். அரிசி, குக்கர், கொப்பரை எல்லாத்தையும் தூக்கிட்டுப் போலாம் அத்தை. அங்க யாரு எடை போடப்போறாங்க?"