படித்த புழுவைத் தின்ற புழு

நினைவு எங்கே இருக்கிறது என்று மனிதன் தேடிய கதையில் முதல் சொதப்பல் எகிப்தியர்களுடையது. செத்த ராஜாவைப் பதப்படுத்தும்போது இதயத்தைப் பத்திரமாக உள்ளேயே விட்டார்கள். மூளையை மட்டும் மூக்கு வழியாகக் கொக்கி விட்டுக் கிளறிக் கடாசினார்கள். மறு உலகத்தில் ராஜா எதை வைத்து யோசித்தாரோ! அரிஸ்டாட்டிலாவது திருத்தியிருக்கலாம். யோசிப்பது இதயம், மூளை ரத்தத்தைக் குளிர்விக்கும் சமாசாரம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இருபதாம் நூற்றாண்டில் கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்கர் கத்தியோடு கிளம்பினார். எலிக்குப் புதிர்வழியைப் பழக்குவார், மூளையின் மேற்புறணியில் ஒரு துண்டை வெட்டுவார், மறந்துவிட்டதா என்று பார்ப்பார். அதிகம் வெட்டினால் எலி அதிகம் தடுமாறியது, அவ்வளவுதான். நினைவு குடியிருக்கும் முகவரி மட்டும் சிக்கவில்லை. 1950-ல் கையை விரித்து ஒரு கட்டுரை எழுதினார்.

அடுத்து வந்தார் மிச்சிகன் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் மெக்கானல். இவர் பிடித்தது தட்டைப்புழுவை. விளக்கைப் போடுவார், கூடவே ஒரு ஷாக். நாளடைவில் விளக்கைக் கண்டாலே புழு சுருண்டுகொள்ளும். இந்த ஜந்துவை இரண்டாக வெட்டினால் தலைக்கு வாலும் வாலுக்குத் தலையும் முளைக்கும். வால் பக்கத்துக்கும் பாடம் மறக்கவில்லை என்றார் மெக்கானல். அதோடு விட்டாரா? படித்த புழுக்களை நறுக்கிப் படிக்காத புழுக்களுக்கு ஊட்டி, தின்றவையும் சுருள்கின்றன என்று 1962-ல் அறிவித்தார். பரீட்சைக்கு முந்தின நாள் வல்லாரைத் துவையல் அரைக்கும் நம் அம்மாக்கள் இதற்கெல்லாம் அசந்திருக்க மாட்டார்கள். அமெரிக்கப் பத்திரிகைகள் அசந்தன. வாத்தியார்கள் மாணவர்களிடமிருந்து கொஞ்சம் தள்ளியே நின்றிருப்பார்கள்.

மெக்கானல் சொந்தமாக நடத்திய பத்திரிகையில் ஆராய்ச்சியும் நையாண்டியும் கலந்தே வரும். எது நிஜம், எது கிண்டல் என்று விஞ்ஞானிகளுக்கே பிடிபடவில்லை. முணுமுணுப்பு கிளம்பியதும், நையாண்டியைப் பின்பக்கத்திலிருந்து தலைகீழாக அச்சடிக்க ஆரம்பித்தார்! மனுஷனை எனக்குப் பிடித்துப்போனதே இதனால்தான்.

மற்ற ஆய்வுக்கூடங்களில் புழு தின்றதே தவிரத் தேறவில்லை. சும்மா வெளிச்சம் மட்டும் காட்டிய புழுவைத் தின்றாலும் அதே ‘ஞானம்’ வந்தது. பாடம் இப்படிக் கைமாறுமா என்று எலியில் முயன்று பார்த்த 23 பேர் 1966-ல் கூட்டாகக் கையெழுத்துப் போட்டு, எங்களுக்கு வரவில்லை என்றார்கள்.

இத்தனைக்கும், முக்கியமான துப்பு 1957-லேயே அச்சாகிவிட்டது. ஹார்ட்ஃபோர்ட் நகரத்தில் வில்லியம் ஸ்கோவில் என்ற டாக்டர், வலிப்பை நிறுத்துகிறேன் என்று 1953-ல் ஓர் இளைஞரின் மூளையில் இரு பக்கமும் ஹிப்போகாம்பஸின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். பழசெல்லாம் பெரும்பாலும் நினைவிருந்தது. புதிதாக ஒன்றும் தங்கவில்லை. அவரைப் பல வருஷம் சோதித்த பிரெண்டா மில்னர், ஒவ்வொரு தடவையும் முதல் தடவைபோலத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. புது அனுபவத்தை நினைவாகப் பதியவைக்கும் அந்த ஹிப்போகாம்பஸ் மூளையின் உள்மடிப்பில் இருக்க, லாஷ்லி மேலே மேலேயே சீவிக்கொண்டிருந்தார்.

2013-ல் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பழக்கிய தட்டைப்புழுக்களின் தலையை வெட்டினார்கள். புதுத் தலை முளைத்ததும் லேசாக ஞாபகப்படுத்தினார்கள். பழைய பாடத்தைப் புழுக்கள் சட்டென்று பிடித்துக்கொண்டன. வால் விஷயத்தில் மெக்கானல் அவ்வளவு உளறவில்லை போலிருக்கிறது. இந்தத் தடவை யாரும் யாருக்கும் ஊட்டிவிடவில்லை.