அஞ்சு பத்து நிமிஷம்: ஒரு காலஅளவை ஆராய்ச்சி

காலத்தை அளக்கப் புகுந்தவர்களுள் தொல்காப்பியர் கண்ணிமைப்பையும் கைநொடியையும் எடுத்துக்கொண்டார். பஞ்சாங்கக்காரர்கள் 24 நிமிடத்தை ஒரு நாழிகை என்றார்கள். ஓட்டலில் மேசைக்காகப் பசியோடு நிற்பவனுக்கு இவற்றால் ஒரு பயனும் இல்லை. அவனுக்குரிய அளவை ‘அஞ்சு பத்து நிமிஷம்’. இதன் இலக்கணத்தை வகுத்த மூலநூல், யாம் அறிந்தவரை, 1991 மே 23 அன்று அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் வந்த ‘சைன்ஃபெல்ட்’ தொடரின் ‘தி சைனீஸ் ரெஸ்டாரன்ட்’ அத்தியாயம். இயற்றியோர் லாரி டேவிட், ஜெர்ரி சைன்ஃபெல்ட் இருவர்.

கதைச்சுருக்கம் தருவது ஆய்வு மரபு. ஜெர்ரி, ஜார்ஜ், எலைன் மூவரும் ஒரு சீன உணவகத்துக்குள் நுழைகிறார்கள், மேசை கிடைக்கவில்லை, வெளியேறுகிறார்கள். சுருக்கம் முற்றிற்று. இதில் கதை எங்கே என்று என்பிசி அதிகாரிகளும் கேட்டார்கள். மாற்றச் சொன்னால் வேலையையே விட்டுவிடுவேன் என்று லாரி டேவிட் நின்றதால்தான் மூலபாடம் இடைச்செருகல் இல்லாமல் நம் கைக்கு வந்தது.

அத்தியாயம் ஒரு நாழிகைக்குச் சற்றுக் குறைவு. கதைக்குள் ஓடும் நேரமும் நம் சுவர்க் கடிகாரத்தில் ஓடும் நேரமும் ஒன்றே. ஆகவே அளந்து பார்க்கலாம். வந்ததும் கேட்டால் அஞ்சு பத்து நிமிஷம். நின்று கால் கடுத்தபின் கேட்டாலும் அஞ்சு பத்து நிமிஷம். மற்ற நேரமெல்லாம் கழியக் கழியக் குறையும். இது ஒன்றே கழியும், குறையாது.

இனி, இது எல்லார்க்கும் பொதுவன்று. கோஹன் என்றொருவர் பின்னால் வருகிறார், நேரே போய் உட்கார்கிறார். அவர் எப்போதும் வருகிறவராம். பணத்தால் இதைச் சுருக்கலாம் என்பது பாமரர் நம்பிக்கை. எலைன் 20 டாலரை நீட்டுகிறாள், பணம் உள்ளே போகிறது, கூப்பிடப்படுவது வேறொருவர் பெயர். வரிசைப்படி உட்கார வைக்கக்கூடாது, பசியின் அளவுப்படிதான் உட்கார வைக்கவேண்டும் என்பது எலைனின் கொள்கை. நீதிநூல்களில் சேர்க்கத்தக்கது.

பசி முற்றினால் மானம் என்னாகும் என்பதற்கும் மூலத்தில் சான்று உண்டு. யாரோ சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மேசையிலிருந்து ஒரு எக் ரோலை எடுத்துத் தின்றால் 50 டாலர் என்று பந்தயம். எலைன் போகிறாள். மேசையில் வயதானவர்கள். முகத்தில் சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு, பல்லைத் திறக்காமலே, பாதிக்குப் பாதி 25 டாலர் உங்களுக்கு என்று பேரம் பேசுகிறாள். அவர்களுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. எக் ரோல் தட்டிலேயே இருக்கிறது, எலைன் திரும்பிவிடுகிறாள். ஜார்ஜின் பாடும் சுகமில்லை. ஜார்ஜ் காத்திருந்த தொலைபேசி அழைப்பு வருகிறது, அங்கே ‘கார்ட்ரைட்!’ என்று கூவுகிறார்கள். ஜார்ஜ் கோஸ்டன்சா எப்படித் திரும்பிப் பார்ப்பான்?

கூவிய உணவக ஊழியராக நடித்தவர் ஜேம்ஸ் ஹாங். பிற்காலத்தில் ‘குங் ஃபூ பாண்டா’வில் நூடுல்ஸ் கடை நடத்தும் வாத்து அப்பாவுக்குக் குரல் கொடுத்தவர் இவரே. அங்கே வந்தவர்க்கெல்லாம் கிண்ணம் கிண்ணமாகப் பரிமாறுகிறார். 1991இல் செய்த பாவத்துக்குப் பரிகாரம் என்று யாம் கொள்கிறோம்.

தொடரின் கிரேமர் இதில் தலைகாட்டவில்லை. அவராக நடித்த மைக்கேல் ரிச்சர்ட்ஸுக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் கிரேமர் வந்திருந்தால் நேரே சமையல்கட்டுக்குள் புகுந்து சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விட்டபடி வந்திருப்பார்; ஆராய்வதற்குப் பொருளே மிஞ்சியிராது.

எஞ்சுவது ஓர் ஐயம். மூவரும் சலித்து வெளியேறியதும் ‘சைன்ஃபெல்ட்!’ என்று அழைப்பு வருகிறது. இன்னும் ஒரு நிமிடம் பொறுத்திருந்தால் மேசை கிடைத்திருக்குமே என்பார் உளர். அவர் அளவையின் தன்மை உணராதார். வாசற்கதவு அவர்கள் முதுகுக்குப் பின்னால் சாத்தியதே மேசை காலியானதற்குக் காரணம். பொறுத்திருந்தால் இன்னும் அஞ்சு பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.