முதலிடத்தை விடாத ஊர்

இங்கிலாந்தில் எசெக்ஸ் கடலோரத்தில் ஜேவிக் என்றொரு ஊர். 1930களில் லண்டன்காரர்களின் கோடை விடுமுறைக்காகக் கட்டப்பட்ட மரக்குடில்கள். போருக்குப் பின் வீடில்லாதவர்கள் அவற்றிலேயே நிரந்தரமாகத் தங்கிவிட்டார்கள். 1953 கடல்வெள்ளம் முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது.

தெருக்களுக்கோ ஆஸ்டின், பென்ட்லி, சன்பீம் என்று கார் பெயர்கள். பல வருடம் அந்தத் தெருக்களில் குண்டும் குழியும்தான் ஓடின. ஒருவழியாகச் சாலை போட்டார்கள். குண்டும் குழியுமாக இருந்த காலத்துப் பழைய படம் மட்டும் ஓயவில்லை: 2018இல் அமெரிக்கத் தேர்தல் விளம்பரமொன்றில், டிரம்பை ஆதரிக்காவிட்டால் நாடு இப்படித்தான் ஆகும் என்று மிரட்டக் கடல் கடந்து போனது. வாக்குரிமையில்லாத ஊர் பிரசாரத்துக்காவது உதவிற்றே!

அரசின் பின்தங்கிய பகுதிகள் பட்டியலில் 2010, 2015, 2019, 2025 என நான்கு முறையும் ஜேவிக்தான் முதலிடம். ஒவ்வொரு முறையும் கேமராக்காரர்கள் வருகிறார்கள், நிபுணர்கள் வருகிறார்கள், 'நீண்டகால மறுமலர்ச்சி' பற்றி அறிக்கை எழுதுகிறார்கள். 'நீண்டகாலம்' மட்டும் சொன்னபடி நடக்கிறது. வருமானம், வேலை, உடல்நலம், கல்வி என ஏழு இனங்களில் வறுமையை அளக்கிறார்களாம். எத்தனை தடவை அளந்தாயிற்று என்பதை எட்டாவதாகச் சேர்த்தால், 2025 பட்டியலுக்கு ஆய்வே தேவைப்பட்டிருக்காது.