வாசற்செருப்பு ஆராய்ச்சியாளர்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் கிழக்குக் கரையிலுள்ள ஃப்ரீமான்ட் என்னும் வசதி மிகுந்த புறநகரில், சனி, ஞாயிறு பிற்பகல்களில் கைபேசியை ஏந்தியபடி தெருத்தெருவாக நடமாடும் தமிழ் மென்பொருள் பொறியாளரை 'வீடு பார்ப்பவர்' என்று வகைப்படுத்தலாம். இவரை வீடு வாங்குபவரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. வாங்குதல் இவர் வாழ்வில் ஒரு முறை, அதுவும் பதற்றத்தில் நேர்ந்துவிடுவது. பார்த்தலோ நான்கைந்து ஆண்டுகள் நீடிக்கும் தொழில். அத்தொழிலின் களம் 'ஓப்பன் ஹவுஸ்' எனப்படும், விற்பனைக்கு வந்த வீட்டை எவர் வேண்டுமானாலும் உள்ளே புகுந்து பார்க்கலாம் என்று திறந்துவைக்கும் சில மணி நேரமாகும். பெண் பார்க்கும் சடங்கில் இரவல் நகை பூட்டுவதைப் போல, ஆளில்லாத வீட்டில் வாடகைச் சோபாவும் வாடகை ஓவியமும் வைத்து அழகு காட்டுவதற்கு 'ஸ்டேஜிங்' என்று பெயர். சொஜ்ஜி பஜ்ஜியின் இடத்தில் பிஸ்கட்டும் தண்ணீர்ப் புட்டியும் இருக்கும். 'ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்' என்ற மரபான விடையின் இடத்தில் 'இமெயில் பண்றோம்' இருக்கும்.

ஃப்ரீமான்ட் நகரம் 1956-இல் சென்டர்வில், நைல்ஸ், இர்விங்டன், மிஷன் சான் ஹோசே, வார்ம் ஸ்பிரிங்ஸ் ஆகிய ஐந்து சிற்றூர்களை இணைத்து உருவாக்கப்பட்டது. இவற்றுள் மிஷன் சான் ஹோசே 1797-இல் ஸ்பானியப் பாதிரிமார் அமைத்த திருச்சபை நிலையத்தைச் சுற்றி வளர்ந்தது. நைல்ஸ், சார்லி சாப்ளின் 1915-இல் படமெடுத்த ஊர். வீடு பார்ப்பவருக்கு இவ்வரலாறு எதுவும் தேவைப்படுவதில்லை, ஏனெனில் அவருடைய நிலவரைபடத்தில் அந்த ஐந்து ஊர்களுக்குப் பதிலாக ஐந்து உயர்நிலைப் பள்ளிகளும், ஒவ்வொன்றுக்கும் இணையதளங்கள் பத்துக்கு இத்தனை என்று இட்ட மதிப்பெண்ணுமே உள்ளன. சாப்ளின் நடந்த தெருவைக் காட்டினால், "இது எந்த ஸ்கூலுக்குப் போகும்?" என்பார். தெரு பள்ளிக்குப் போகாது, பிள்ளைதான் போகும் என்ற இலக்கண ஐயம் அவருக்கு எழுவதில்லை; பள்ளி எல்லைக்கோடு தெருவின் நடுவே ஓடும் இடத்தில், ஒரே தச்சர் ஒரே ஆண்டில் கட்டியிருந்தாலும், இடப்பக்கத்து வீடு வலப்பக்கத்து வீட்டைவிடப் பெருவிலை பெறும் என்பதை அவர் இயற்கை விதியாகவே ஏற்றுக்கொண்டவர். மலையடிவாரத்து மிஷன் சான் ஹோசேயின் 94539 என்ற அஞ்சல் குறியீட்டு எண்ணை, காயத்ரி மந்திரத்தை உச்சரிப்பவரின் பணிவோடு தாழ்ந்த குரலில் உச்சரிப்பார்.

ஆயினும் பள்ளி மதிப்பெண் என்பது, அவர் உண்மையில் கேட்க விரும்பும் வேறொரு கேள்விக்குப் போர்த்திய பொன்னாடையே. அவருடைய தந்தை மாம்பலத்தில் வீடு பார்த்தபோது தரகரிடம் முதலில் கேட்டது, "அக்கம்பக்கம் யாரு?" என்பதுதான், தரகரும் கூச்சமின்றி, எதிர்வீட்டுக்காரரின் உத்தியோகத்தில் தொடங்கி அவர் மாப்பிள்ளையின் சம்பளம்வரை ஒப்புவித்தார். அமெரிக்காவில் அது நடவாது. 1968-ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம், இனம், நிறம், மதம், பிறந்த நாடு ஆகியவற்றைக் காட்டி வீடு தேடுபவரை ஒரு பகுதிக்கு ஈர்ப்பதையோ இன்னொன்றிலிருந்து விலக்குவதையோ தடைசெய்கிறது; கறுப்பின மக்களைத் தெருக்கணக்கில் ஒதுக்கிவைத்த நீண்ட கொடுமைக்கு எதிராகப் பிறந்த சட்டம் அது. ஆகவே "பக்கத்துல எப்படிப்பட்டவங்க இருக்காங்க?" என்ற கேள்வி எழுந்ததும், ரியல்டர் என்று அழைக்கப்படும் தரகர், சமையலறை மேடையின் கல் எந்த வகை என்று விளக்கத் தொடங்கிவிடுவார்.

தரகர் வாய் திறவாத இடத்தில் வீடு பார்ப்பவரின் ஆய்வுப்புலன் திறந்துகொள்கிறது. அவர் தெருவில் மெல்ல நடந்து ஒவ்வொரு வாசலிலும் கிடக்கும் செருப்புகளை எண்ணுகிறார்: வெளியே செருப்பே இல்லையெனில் ஒரு முடிவு, ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தால் கீழை ஆசியக் குடும்பமாகலாம் என்ற கருதுகோள், ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து அவற்றில் ஒன்று கவிழ்ந்தும் கிடந்தால் 'நம்மவங்க' என்ற ஐயந்திரிபற்ற தீர்ப்பு. துணைச் சான்றுகளாக நிலைப்படியில் காய்ந்த மாவிலைத் தோரணம், வாசலில் ஒட்டிய நெகிழிக் கோலம், ஆறு மணிக்குமேல் காற்றில் வரும் தாளிப்பு மணம் ஆகியவை பதிவாகும். வேலிக்கு மேலே கறிவேப்பிலைச் செடி தென்பட்டால் ஆய்வு அன்றோடு நிறைவுறும். (கலிபோர்னியாவின் எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் பூச்சி கறிவேப்பிலையிலும் தங்குவதால் அச்செடியை இடம்விட்டு இடம் கொண்டுசெல்வதற்கு அங்கே கட்டுப்பாடுகள் உண்டு, எனினும் அடுத்த வீட்டில் அது இருப்பது பத்துக்குப் பத்து வாங்கிய பள்ளிக்கு ஒப்பான சொத்து.) இத்தனைக்குப் பிறகு அவர் வெளியிடும் முடிவு விந்தையானது: "ரொம்ப நம்மவங்களா இருக்காங்க, கொஞ்சம் மிக்ஸ்டா இருந்தா நல்லது." தம்மைத் தவிர மற்ற நம்மவர்கள் அளவோடு இருக்க வேண்டும் என்பது இவ்வகையினரின் பொதுக் கொள்கை.

திசை விவகாரம் வந்ததும் ஆய்வுத் தலைமை மாம்பலத்துக்கு மாறுகிறது. காணொளி அழைப்பில் தந்தை, "வாசல் எந்தப் பக்கம்ப்பா?" என்று கேட்க, மகன் கைபேசியின் திசைகாட்டியை நிலைப்படியில் வைத்து அளந்து, வடகிழக்கில் சில பாகை சாய்ந்திருப்பதாகச் சொல்வார். ஈசானிய மூலையில் கழிப்பறை இருந்தால் அத்துடன் பேச்சு முடிந்தது. தெரு நேராக வந்து வீட்டில் முட்டும் தெருக்குத்து வேறு கவலை. இதில் சீனக் குடும்பங்களின் ஃபெங்சுயியும் ஒத்த கருத்துடையது என்பதால், ஆசிய வழியினர் பாதிக்கும் மேல் வாழும் அந்நகரில் அத்தகைய வீடு பலகாலம் திறந்தே கிடக்கும். திசைக்கு அடுத்த கவலை சாவு. வீட்டில் மூன்று ஆண்டுகளுக்குள் நேர்ந்த சாவைப் பொதுவாக விற்பவர் சொல்லியாக வேண்டும் என்பது கலிபோர்னியச் சட்டம். "அதுக்கு முன்னாடி?" என்ற கேள்விக்கு, விற்பவர் தரும் தாள்கட்டில் இடம் இல்லாததால், வீடு பார்ப்பவர் மனைவியின் முகத்தைப் பார்ப்பார். அதே கட்டில் வரும் மற்றொரு தாள், ஹேவர்ட் நிலப்பிளவு அந்நகரின் ஊடாகச் செல்வதையும், 1868-இல் பெருநிலநடுக்கம் அதில் நிகழ்ந்ததையும் நினைக்கவைப்பது. 1972-ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த பிளவுப்பகுதிக்குள் வீடு இருக்கிறதா என்பது அதில் தெளிவாகக் குறிக்கப்பட்டிருக்கும். அத்தாளைப் படிக்காமலே கையெழுத்திடுவார். நிலம் நகர்வதற்கு வாஸ்துவில் பரிகாரம் சொல்லப்படவில்லை.

பேரம் பற்றி நீண்டு சொல்ல ஒன்றுமில்லை, ஏனெனில் அங்கே பேரம் மேல்நோக்கியே நடக்கிறது. கேட்ட விலையைக் குறைக்கப் பயின்ற குலத்தில் பிறந்தவர், தாமே முன்வந்து அதைவிட இரண்டு லட்சம் டாலர் அதிகமாக எழுதித்தருவார். கடன் கிடைக்காவிட்டால் விலகலாம், பரிசோதனையில் பழுது தெரிந்தால் விலகலாம் என்னும் 'கண்டின்ஜென்சி' பாதுகாப்புகளையும் துறப்பார். பின் பணமும் பத்திரமும் இருதரப்புக்கும் பொதுவான மூன்றாமவரிடம் ஒப்படைக்கப்படும் 'எஸ்க்ரோ' நாட்கள் வரும். அது ஆடியில் முடியுமாறு நேர்ந்தால், பால் காய்ச்சுதலை ஆடி பிறக்கும் முன்பே முடித்துக்கொள்ளச் சாவிக்குத் தூது போகும்.

குடிபுகுந்த மறுநாளே அவர் பழங்குடியாகிவிடுவார். வாங்கிய விலையில் ஒரு விழுக்காட்டை அடிப்படைச் சொத்துவரியாக நிர்ணயித்து, வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்குமேல் ஏறாமல் தடுக்கும் 1978-ஆம் ஆண்டின் 13-ஆம் முன்மொழிவை, முன்பு அண்டைவீட்டு முதியவருக்கு அள்ளிக்கொடுத்த அநீதி என்றவர், இனி அரசியல் சாசனத்தின் ஆன்மா என்பார். தெருமுனையில் அடுக்குமாடி வரப்போவதாக அறிவிப்புத் தட்டி எழுந்தால், பள்ளியில் நெரிசல் கூடும் என்று நகர்மன்றத்தில் மூன்று நிமிடம் பேசுவார்.

பிள்ளை ஒன்பதாம் வகுப்பை எட்டும்போதுதான் இன்னொரு விதி அவர் கண்ணில் படும். கலிபோர்னியப் பல்கலைக்கழகம், திட்டத்தில் சேர்ந்த ஒவ்வொரு பள்ளியிலும் முதல் ஒன்பது விழுக்காட்டில் வரும் தகுதியுள்ள மாணவருக்கு, தன் வளாகங்களில் இடமிருக்கும் ஏதேனும் ஒன்றில் இடமளிக்க உறுதி தருகிறது. அந்த ஒன்பதுக்குள் நுழைவதற்கு, அவர் இத்தனை விலை கொடுத்து வாங்கிய பள்ளியில் அவரைப் போலவே செருப்பெண்ணி வந்தவர்களின் பிள்ளைகள் அனைவரும் நிற்கிறார்கள். அன்றிரவு, நெடுஞ்சாலைக்கு அப்பால் ஆறு மதிப்பெண் பள்ளிக்குப் போகும் ஒரு தெருவைக் கைபேசியில் விரலால் பெரிதாக்கிக்கொண்டிருப்பார்.

"என்னங்க பாக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல, சும்மா. கிழக்கு பார்த்த வாசல்."