தாழ்வாரத் தோட்டவியல்

தோட்டம் மண்ணுடையோர்க்கே உரியது என்று முன்னோர் கொண்டனர். அவர்கள் சிங்கப்பூரின் புக்கிட் மேராவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு வாங்கியவர்கள் அல்லர். இங்கே புதுமனை புகுவோர்க்கு முற்றமும் இல்லை, கொல்லையும் இல்லை. கதவுக்கு வெளியே ஒரு தாழ்வாரம் உண்டு, அதுவும் பொது. ஆயினும் சாவி கைக்கு வந்த வாரமே பூச்சட்டிகள் வந்துவிடுகின்றன. அவற்றை வகைப்படுத்துவதே இந்நூலின் நோக்கம்.

முதற்பொருள்

முதற்பொருள் நிலமும் பொழுதும் என இரண்டு.

நிலத்தை அளந்து கொடுத்தது குடிமைத் தற்காப்புப் படை. தீப்பிடித்தால் ஆட்கள் தப்பியோட 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும். எஞ்சியதே தோட்டம், அது பெரும்பாலும் ஒரு சட்டி அகலம். இவ்விதியைக் கடுமை என்பாருக்கு வட்டாரத்தின் வரலாறே விடை. 1961 மே 25 அன்று புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் பிடித்த தீ ஏறத்தாழ 16,000 பேரை வீடற்றவர்களாக்கியது. அவர்களுக்காக அடுக்குமாடிகள் எழுந்தன. முற்றம் கீழேயே நின்றுவிட்டது; செடி வளர்க்கும் ஆசை மட்டும் மாடியேறியது. கைப்பிடிச்சுவரின் மேற்புறம் நிலம் ஆகாது. அங்கிருந்து விழும் சட்டி ஆளைக் கொல்லும்; அக்குற்றத்துக்கு வீட்டையே வீவக திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இனிப் பொழுது. நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகை வடக்கே கிடக்கும் இவ்வூரில் பங்குனிக்கும் ஐப்பசிக்கும் வியர்வை ஒன்றே. எனவே பருவத்தைத் தாழ்வாரத்தின் முகம் பார்த்துக் கணிக்க: வடக்கு நோக்கியதற்கு ஆண்டின் நடுவில் வெயில், தெற்கு நோக்கியதற்கு ஆண்டிறுதியில். இளவேனில் என்று சொல்லத்தக்கது சீனப் புத்தாண்டு ஒன்றே.

வகை

1. மங்கலத் தோட்டம். தமிழர் வாசலில் துளசி; சீனர் வாசலில் இருபுறமும் காய்த்துக் குலுங்கும் குட்டி ஆரஞ்சுச் செடிகள், கிளைதோறும் சிவப்பு உறைகள். துளசிக்கு நாள்தோறும் பணிவிடை உண்டு. ஆரஞ்சோ புத்தாண்டின் பதினைந்தாம் நாள் கழிந்ததும் மின்தூக்கி அருகே துறவு பூணும்.

2. அடுக்களைத் தோட்டம். கறிவேப்பிலை, பாண்டான், செராய், சிலி பாடி. இதில் ஆராயத்தக்கவை செடிகள் அல்ல, பறிப்போர். அவர் மூவகையினர்: கேட்டுப் பறிப்பார், பறித்துவிட்டுச் சொல்வார், சொல்லாமலே பறிப்பார். பக்கத்து வீட்டு மலாய்ப் பெண்மணி மாக்சிக் முதல் வகை. மாலையில் ஒரு டப்பா குவே பலகாரம் கொண்டுவந்து கணக்கை நேர்செய்வார். டிப்போ சாலை ருத்ர காளியம்மன் கோயிலுக்குப் போகும் வழியில் செம்பருத்தியில் கைவைப்பவர் மூன்றாம் வகை. அம்மனுக்கு எடுப்பதற்கு அனுமதி எதற்கு என்பது அவர் கொள்கை.

3. காட்சித் தோட்டம். ஆர்க்கிட், காகிதப்பூ. 1981இல் தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோவாக்கிம் இருந்தால் தலைமை அதற்கே. சட்டிகள் உயர வரிசையில் நிற்கும். உரிமையாளர் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, கடப்போர் நின்று பார்க்கிறார்களா என்று பார்ப்பார்.

4. படர் தோட்டம். படர்வது கொடி அன்று, சட்டி. மாதத்துக்கு ஒரு தரையோடு என்ற கணக்கில் அண்டை வீட்டை நோக்கி நகரும். யாரும் நகர்த்திக் கண்டதில்லை.

5. புகலிடத் தோட்டம். துறவு பூண்ட ஆரஞ்சு, வீடு மாறியோர் விட்டுச்சென்ற கற்றாழை முதலானவற்றைத் தத்தெடுக்கும் முதியவர் புளோக்குக்கு ஒருவர் உண்டு. அவர் சட்டிகளில் இரண்டு ஒன்றுபோல் இரா.

6. நெகிழித் தோட்டம். செயற்கைப் புல்லும் வாடாத பூவும். நீர் வேண்டா, வெயில் வேண்டா, புகழும் கிட்டா.

உரிப்பொருள்

உரிப்பொருளாவது அண்டை வீட்டார் பொறுமை. மேல்மாடியில் ஊற்றிய நீர் கீழ்மாடியின் மூங்கில் கழியில் காயும் வெள்ளைச் சட்டையில் மண்ணிறமாக இறங்குங்கால் அது சோதிக்கப்படும். பொறுமை தீர்ந்தால் நகர மன்றத்துக்குப் புகார் போகும். புகார் போனபின் ஆறு வகையும் ஒரே வகை. தேசியச் சுற்றுப்புற அமைப்பின் அதிகாரியோ பூவையும் இலையையும் பாரார். குனிந்து அடித்தட்டையே பார்ப்பார். தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டை, சிறகு முளைத்துப் பறக்க ஒரு வாரம் போதும். டெங்கி அதன்பின் வருவது.

புறனடை

மண்ணில்தான் நடுவேன் என்பாரும் உளர். அவர்களுக்காகத் தேசியப் பூங்காக் கழகம் ஹோர்ட் பார்க்கில் பாத்திகளை வாடகைக்கு விடுகிறது: நீளம் 2.5 மீட்டர், அகலம் ஒரு மீட்டர். அதனினும் பெரிதாக நட விரும்புவோர் அமைச்சராதல் வேண்டும். 1971 நவம்பரில் முதல் மரம் நடும் நாளன்று ஃபேபர் மலை உச்சியில் அமைச்சராயிருந்த கோ கெங் சுவீ தூங்குமூஞ்சி மரம் ஒன்றை நட்டார். அங்கே 1.2 மீட்டர் கணக்கு இல்லை.

எவ்வகையை முதலில் வைப்பது என்று வினவும் புதுமனையாளர்க்கு விதி இது: கறிவேப்பிலையை வைக்க, அதையும் பிறர் கைக்கு எட்டும்படி வைக்க. உங்கள் வாசலில் ஒரு கொத்து பறித்துப் போனவர் நகர மன்றத்துக்கு எழுதமாட்டார். மற்ற ஐந்து வகையையும் அதன்பின் பெருக்கிக்கொள்ளலாம்.